ரிகர்வா, காம்பவுண்டா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர் பக்கம் நாங்கள் வில்வித்தை பயிற்சி செய்யும் மைதானத்துக்கு யாராவது புதிதாக வந்தால் போதும், பத்து நிமிடத்துக்குள் ரிகர்வ் வில்லா, காம்பவுண்டு வில்லா என்ற பேச்சு வந்துவிடும். நான் ஐந்து வருடம் ரிகர்வ் எய்தேன், அதற்கப்புறம் நான்கு வருடமாகக் காம்பவுண்டு. இரண்டையும் பழகியவன் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

1. "அண்ணா, ரிகர்வ் எது, காம்பவுண்டு எது? பார்த்தவுடனே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வில்லின் இரண்டு முனைகளையும் பாருங்கள். சக்கரம் இருந்தால் காம்பவுண்டு. சக்கரம் இல்லாமல், நுனிகள் எய்பவரை விட்டு முன்பக்கமாக வளைந்திருந்தால் ரிகர்வ். காலண்டர் படத்தில் ராமர் தோளில் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வடிவம்.

ரிகர்வில் நடுவில் கைப்பிடிப் பகுதி, அதை ரைசர் என்போம். அதற்கு மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் பகுதி ஒவ்வொன்று, அதுதான் லிம்ப், பிறகு ஒரு நாண். அவ்வளவுதான். காம்பவுண்டில் நாணோடு சேர்ந்து கேபிள்களும் ஓடும், முனையில் இருக்கும் சக்கரத்துக்குப் பெயர் கேம். ரிகர்வ் வடிவம் ஆயிரக்கணக்கான வருடப் பழசு. காம்பவுண்டு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1960களில் உருவாக்கியது, 1969ல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டுப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கு இந்தியன் ரவுண்டு என்று தனிப் பிரிவும் உண்டு, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

2. "காம்பவுண்டுல பாதி இழுத்ததும் திடீர்னு லேசாயிடுதே, ஏன்?"

கேம் வட்டமாக இருக்காது, கோணலாக இருக்கும். இழுக்க ஆரம்பிக்கும்போது சீக்கிரமே முழு எடைக்கு ஏறும், கடைசிப் பகுதியில் அந்தக் கோண அமைப்பு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். இப்படிக் குறையும் பங்கைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். 50 பவுண்டு வில் (இழுக்க 50 பவுண்டு எடைக்குச் சமமான பலம் வேண்டும் என்று அர்த்தம்), 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் முழுசாக இழுத்த பிறகு கை தாங்குவது 10 பவுண்டு மட்டுமே.

ரிகர்வ் இதற்கு நேர்மாறு. இழுக்க இழுக்க எடை ஏறிக்கொண்டே போகும், கடைசி அங்குலத்தில்தான் அதிகம் கனக்கும், அந்தக் கனத்தோடுதான் குறி பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லா வித்தியாசமும் கிளம்புகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி இங்கே திரும்பி வருவேன்.

3. "ஒலிம்பிக்ஸ்ல எது இருக்கு?"

இதுவரை ரிகர்வ் மட்டும்தான். 1920க்குப் பிறகு ஒலிம்பிக்கில் வில்வித்தையே இல்லாமல் போய், 1972ல் மியூனிக்கில் திரும்ப வந்தது, அன்றிலிருந்து ரிகர்வ்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டியைச் சேர்க்க 2025 ஏப்ரலில் முடிவானது. தனிநபர் காம்பவுண்டு இன்னும் இல்லை.

ஆனால் ஒலிம்பிக்கில் இல்லை என்பதற்காகக் காம்பவுண்டைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆசிய விளையாட்டில் 2014லிருந்து இருக்கிறது. 2023ல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தது, ஜோதி சுரேகாவுக்கு மூன்று, ஓஜஸ் தேவ்தலேவுக்கு மூன்று (அணிப் பதக்கங்களையும் சேர்த்து). அதே வருடம் பெர்லினில் உலகச் சாம்பியன் ஆனபோது அதிதி சுவாமிக்கு வயது 17. பதக்கம் என்று பார்த்தால் இந்தியாவுக்கு அள்ளிக் கொடுத்த வில் இதுதான்.

4. "புதுசா ஆரம்பிக்கிறேன். எதை வாங்கட்டும்?"

எதையும் வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் பயிற்சி நடக்கும் இடத்தில் இருக்கும் வில்லையே பயன்படுத்துங்கள், முடிந்தால் 18 முதல் 24 பவுண்டு வரையிலான மர ரிகர்வ். நிற்கும் நிலை, தோளை இறக்கி வைப்பது, முதுகால் இழுப்பது எல்லாம் அதில்தான் பிடிபடும், ஏனென்றால் லேசான ரிகர்வ் உங்கள் தவறை உடனே காட்டிக் கொடுக்கும், அதே சமயம் உடம்பைக் காயப்படுத்தாது.

அப்புறம் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும்? மூன்று நான்கு நாள் முடியும், ஒலிம்பிக் ஆசை இருக்கிறது என்றால் ரிகர்வ். ஓஎம்ஆரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் என்றால் காம்பவுண்டில் சந்தோஷமாக இருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் 36 பவுண்டு ரிகர்வை எடுப்பவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குவது போலத்தான், தசை அதற்குள் மறந்துவிடும். இந்த விஷயத்தில் நான் பார்த்தவரை விதிவிலக்கே இல்லை.

சென்னையில் வில்வித்தை என்றதும் பலருக்கு ஷிஹான் ஹுசைனி நினைவுக்கு வருவார். கராத்தே ஆசிரியர், நடிகர், இங்கே எத்தனையோ பிள்ளைகள் கையில் வில்லைக் கொடுத்தவர். 2025 மார்ச்சில் காலமானார். முதலில் ஆள், அப்புறம்தான் வில். ஊர் முழுக்க விசாரித்து நல்ல பயிற்சியாளரைப் பிடியுங்கள்.

5. "காம்பவுண்டு ஏமாத்து வேலைதானே சார்? லென்ஸ் இருக்கு, மெஷின் இருக்கு, எல்லாம் அதுவே பண்ணிடுது."

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தரும், ரிகர்வ் எய்த காலத்தில் நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், உதவிகள் இருக்கின்றன. நாணில் பீப் என்ற சிறு துளை, எதிரே பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், நீர்மட்டம், விரலுக்குப் பதிலாக ரிலீஸ் என்ற கருவி. ரிகர்வில் பெரிதாக்கும் லென்ஸும் கூடாது, பீப்பும் கூடாது, விரலில் டேப் என்ற தோல் காப்பு போட்டுத்தான் விட வேண்டும்.

ஆனால் இந்த உதவி எல்லாம் எதிராளிக்கும் இருக்கிறதே! எல்லோரும் உச்சப் புள்ளியான பத்து அடிக்கும் இடத்தில் ஒன்பது என்பது தோல்வி. பெர்லின் இறுதிப் போட்டியில் ஓஜஸ் 15 அம்பும் பத்தில் வைத்து 150 எடுத்தார், எதிரில் நின்றவர் 149. ஒரே ஒரு அம்பு ஒன்பதில் விழுந்ததற்கு உலகப் பட்டம் போய்விட்டது. அப்புறம் ஷீத்தல் தேவியின் ஒரு வீடியோவைப் பாருங்கள். இரண்டு கையும் இல்லாமல் வலது காலால் வில்லைத் தாங்கி, தோளால் இழுத்து, தாடையால் விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியது காம்பவுண்டில்தான். அதைப் பார்த்த பிறகும் மெஷின்தான் எல்லாம் பண்ணுகிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

6. "எத்தனை பவுண்டு எடுக்கலாம்? நான் ஜிம் போறவன், 40 இழுப்பேன்."

இழுக்க முடிவதும் எய்ய முடிவதும் வேறு வேறு. போன மாதம் ஒரு தம்பி வந்தார், நல்ல உடம்பு. 38 பவுண்டு ரிகர்வை எடுத்து ஒரே மூச்சில் இழுத்துவிட்டார். ஆறாவது அம்பில் வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறியது. பத்தாவது அம்பில் நாண் தாடைக்கு வருவதற்குள் முழங்கை நடுங்கியது. இருபதாவதில் இழுத்த வேகத்திலேயே விட ஆரம்பித்துவிட்டார், குறியே பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்ற ஒரு வருடம் ஆகும்.

நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இதுதான்: முழுசாக இழுத்து 15 நொடி அசையாமல் நிற்க வேண்டும், விடாமல் மெதுவாக இறக்க வேண்டும், இதை ஐந்து முறை செய்ய வேண்டும். தோள் ஏறினால் அந்த எடை உங்களுக்கு இப்போது அதிகம். பெரியவர்களுக்கு ரிகர்வில் 20களில் ஆரம்பித்து, இரண்டு இரண்டு பவுண்டாக ஏற்றினால் போதும். காம்பவுண்டில் 2ஆம் கேள்வியில் சொன்ன லெட்-ஆஃப் இருப்பதால் 35, 40ல் ஆரம்பிக்கலாம். போட்டி விதிப்படி காம்பவுண்டுக்கு உச்சவரம்பு 60 பவுண்டு, காம்பவுண்டுப் போட்டித் தூரமான 50 மீட்டருக்கு அவ்வளவு தேவையே இல்லை.

7. "டிரா லென்த்னு கேக்கறாங்க, அது அவ்வளவு முக்கியமா?"

டிரா லென்த் என்பது நீங்கள் முழுசாக இழுக்கும் நீளம். ரிகர்வில் இது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம், நாண் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், எடைதான் மாறும். லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலத்துக்கான கணக்கு, ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். காம்பவுண்டில் அப்படி இல்லை. கேம் ஒரு இடத்தில் சுவர் மாதிரி நின்றுவிடும், அந்த இடம் உங்கள் உடம்புக்குச் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

என் முதல் காம்பவுண்டை விற்றவர் என்னை அளக்கவே இல்லை. உயரத்தைக் கண்ணால் பார்த்து 29.5 அங்குலம் வைத்துக் கொடுத்தார். என் அளவு 28. ஏழு மாதம் தலையைப் பின்னால் சாய்த்து, முதுகை வளைத்து எய்தேன், அம்பு இடதுபக்கமே போய்க்கொண்டிருந்தது, நானும் சைட்டை, அதாவது வில்லில் இருக்கும் குறி பார்க்கும் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கழுத்து வலி வந்த பிறகுதான் இன்னொருவர் பார்த்து, கேமில் இழுக்கும் நீளத்தைத் தீர்மானிக்கும் மாட்யூல் என்ற துண்டை மாற்றிக் கொடுத்தார், ஒரே நாளில் அம்புகள் ஒன்றுகூடின. தோராயமாகத் தெரிந்துகொள்ள இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள். அது ஆரம்பப் புள்ளிதான், முடிவு வில்லோடு நிற்கும்போதுதான் தெரியும்.

8. "நான் வலது கை. ஆனா இடது கண்ணுதான் பலமாம். எந்தப் பக்கத்து வில்லு வாங்கறது?"

முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள் இருக்கிறதோ அதுதான் ஆளும் கண்.

சின்னப் பிள்ளை என்றால் தயங்காமல் கண் பக்கம் போங்கள், இடது கையால் இழுக்கட்டும், ஒரு மாதத்தில் பழகிவிடும். பெரியவர் என்றால் காம்பவுண்டில் பீப் இருப்பதால் மற்றக் கண்ணைப் பாதி மூடிச் சமாளிக்கலாம். ரிகர்வில் பீப் இல்லை, கண் மாறினால் அம்பு எங்கேயோ போகும், அதனால் அங்கே நான் கண்ணுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

9. "எங்கிட்ட ரிகர்வ் அம்பு பன்னெண்டு இருக்கு. காம்பவுண்டுக்கும் அதையே போடலாமா?"

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அம்பின் விறைப்பை ஸ்பைன் என்ற எண்ணால் சொல்வார்கள். 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்க வைத்து, நடுவில் 1.94 பவுண்டைத் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளைந்தால் அது 500. எண் கூடக் கூட அம்பு நெகிழ்வாக இருக்கும்.

ரிகர்வில் விரலிலிருந்து நாண் நழுவும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளல் வரும், அம்பு மீன் மாதிரி நெளிந்துதான் ரைசரைத் தாண்டும், அதனால் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். காம்பவுண்டில் ரிலீஸ் நேராக விடுகிறது, ஆனால் தள்ளும் வேகம் ரொம்ப அதிகம். லேசான ரிகர்வுக்கு வாங்கிய 800, 900 ஸ்பைன் கார்பன் அம்பை 50 பவுண்டு காம்பவுண்டில் வைத்தால் அது வில்லிலேயே சிதறலாம், கார்பன் சிலும்பு கையில் ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அம்பைக் காதருகே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது.

10. "மொத்தமா எவ்வளவு செலவாகும்?"

நல்ல பொருள் பெரும்பாலும் கொரியா, அமெரிக்கா, சீனாவிலிருந்து வருகிறது, டாலர் ஏறினால் இதுவும் ஏறும். சர்வதேசப் போட்டித் தரத்தில் ரைசர், லிம்ப், சைட், ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் இருக்க முன்னால் மாட்டும் தண்டு), அம்பு என்று சேர்த்தால் இரண்டிலும் 3 லட்சத்தைத் தாண்டும்.

செலவாகும் விதத்தில்தான் வித்தியாசம். ரிகர்வைத் துண்டு துண்டாக வளர்க்கலாம். ஐஎல்எஃப் என்ற பொது இணைப்பு உள்ள ரைசரை ஒரு முறை வாங்கிவிட்டால் 24 பவுண்டு லிம்ப், பிறகு 28, பிறகு 32 என்று லிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம், பழையதைப் புதிதாக வருபவருக்குக் கொடுத்துவிடலாம். காம்பவுண்டில் முதலிலேயே பெரிய தொகை போகும், ஆனால் ஒரே வில்லில் போல்ட்டைத் திருகிப் பத்து பவுண்டு வரை ஏற்றி இறக்கலாம். அதற்கு நாண், கேபிள் மாற்ற பிரஸ் என்ற கருவி வேண்டும், அது உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கையில் பணம் குறைவு என்றால் வில்லில் மிச்சம் பிடித்து அம்பில் போடுங்கள். சுமாரான வில்லும் ஒரே மாதிரியான பன்னிரண்டு அம்பும் நன்றாக எய்யும்.

11. "அம்பு இல்லாம சும்மா இழுத்து விட்டுப் பாக்கலாமா?"

கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்கே திரும்பும். ரிகர்வ் லிம்பில் விரிசல் விழலாம். காம்பவுண்டில் கேம் வளைந்து, நாண் கழன்று முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளி ஆசையாகக் கேட்பார், கொடுக்காதீர்கள்.

12. "கார் டிக்கியிலேயே வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகாதில்ல?"

மே மாதம் சென்னையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் கையை வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் காலையில் எய்துவிட்டு, வில்லை டிக்கியில் போட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போனார், சாயங்காலம் எடுத்தபோது பீப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. நாண் சூட்டில் நீண்டு முறுக்கு மாறிவிட்டது. லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசைக்கும் சூடு ஆகாது. காம்பவுண்டுக்கு இது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் அது எப்போதுமே நாணேற்றிய நிலையிலேயே இருக்கிறது. ரிகர்வை எய்து முடித்ததும் ஸ்டிரிங்கர் என்ற கயிற்றைப் போட்டு நாணைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம்.

வெயிலைவிட மெதுவாகக் கெடுப்பது உப்புக் காற்று. கடலோரம் எய்பவர்கள் வீட்டுக்குப் போனதும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணிகளில் துளி எண்ணெய் விடுங்கள். ஐப்பசி மழையில் நனைந்தால் பையைத் திறந்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

13. "மொட்டை மாடியில பிராக்டிஸ் பண்ணலாமா? பத்து மீட்டர் இருக்கு."

முடியாது என்றே சொல்வேன். கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேல் தவறும் அம்பு அடுத்த தெருவில் இறங்கும். இரண்டு வில்லின் அம்பும் நூறு மீட்டரைத் தாண்டிச் சர்வசாதாரணமாகப் போகும், அங்கே துணி காயப்போடும் அம்மா நிற்பார். நான்கு பக்கமும் முழுச் சுவர் உள்ள இடத்தில், மூன்று மீட்டரில், உங்களைவிட அகலமான டார்கெட்டில், யாரும் குறுக்கே வர முடியாதபடி என்றால் மட்டும் செய்யலாம். இல்லையென்றால் ரப்பர் பட்டையை இழுத்துப் பிடித்து 6ஆம் கேள்வியில் சொன்ன 15 நொடிப் பயிற்சியை வீட்டில் செய்யுங்கள். ரிகர்வ்காரர்களுக்கு அதுவே பாதிப் பயிற்சி.

14. "காலையில நல்லா அடிக்கிறேன், மதியம் ஆனா ஸ்கோர் விழுது. கை சோர்வா?"

சோர்வும் இருக்கும், ஆனால் கடல்காற்றைக் கவனித்தீர்களா? வெயில் காலத்தில் மதிய வாக்கில் கிழக்கிலிருந்து கிளம்பும், ஒரு மணி நேரத்தில் கொடிகள் எல்லாம் மேற்கே திரும்பிவிடும். ரிகர்வ் அம்பு நொடிக்குச் சுமார் 60 மீட்டர் போகிறது, 70 மீட்டருக்கு ஒரு நொடிக்கு மேல் காற்றில் இருக்கிறது. காம்பவுண்டு அம்பு அதைவிட வேகம், தூரமும் 50தான், அதனால் அம்பு அவ்வளவு நகராது. ஆனால் காம்பவுண்டில் நீண்ட ஸ்டெபிலைசரைக் காற்று தள்ளும், லென்ஸுக்குள் குறி ஆடுவது பெரிதாகத் தெரியும், மனம் கலங்கும். ரிகர்வ்காரர் குறியைக் காற்று வரும் பக்கம் தள்ளி வைத்துப் பழக வேண்டும், காம்பவுண்டுக்காரர் ஆடட்டும் என்று விட்டுப் பழக வேண்டும்.

15. "நான் ரிகர்வ்ல 600 அடிக்கிறேன், என் ஃப்ரெண்டு காம்பவுண்டுல 680. அவன்தான் பெட்டரா?"

ஒப்பிடவே முடியாது. இரண்டிலும் 72 அம்பு, 720 புள்ளி என்பதால் இந்தக் குழப்பம். ரிகர்வ் 70 மீட்டர், 122 செ.மீ. டார்கெட், பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. காம்பவுண்டு 50 மீட்டர், 80 செ.மீ. டார்கெட், பத்து வட்டம் 8 செ.மீ. தூரத்தோடு வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, காம்பவுண்டில் ஒரு துளி சிறிசு. வித்தியாசம் வட்டத்தில் இல்லை, 5ஆம் கேள்வியில் சொன்ன கருவிகளில் இருக்கிறது. பிராடி எலிசன் 2019ல் ரிகர்வில் 702 அடித்தபோது அது உலகச் சாதனை. காம்பவுண்டில் 700 அடித்தவர்கள் நிறைய. உங்கள் 600ம் நண்பருடைய 680ம் அவரவர் பிரிவில் நன்றாகவே உழைத்து வந்தவை.

நேருக்கு நேர் போட்டியிலும் கணக்கு வேறு. ரிகர்வில் செட் முறை, மூன்று மூன்று அம்பாக, ஒரு செட் ஜெயித்தால் 2 புள்ளி, முதலில் 6 எடுப்பவருக்கு வெற்றி. ஒரு அம்பு மோசமாகப் போனாலும் அந்தச் செட்டோடு போய்விடும். காம்பவுண்டில் 15 அம்பும் மொத்தமாகக் கூட்டப்படும், முதல் அம்பில் விட்ட இரண்டு புள்ளி கடைசிவரை கூடவே வரும்.

16. "குறி மஞ்சளுக்கு வந்ததும் கை தானா விட்டுடுது. இல்லன்னா குறியே மஞ்சளுக்கு வர மாட்டேங்குது. எனக்கு என்ன ஆச்சு?"

பயப்படாதீர்கள், டார்கெட் பேனிக் என்று இதற்குப் பெயரே இருக்கிறது, பல வருடம் எய்தவர்களுக்கும் வரும். எனக்கும் வந்தது, அப்போது வில்லைத் தொடவே பிடிக்கவில்லை. குறி மஞ்சளில், அதாவது டார்கெட்டின் நடுவட்டத்தில் தெரிந்த கணமும் விடும் கணமும் மூளைக்குள் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ரிகர்வில் இதற்காகவே க்ளிக்கர் என்ற சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அம்பு நுனி அதற்கடியில் இருக்கும், முதுகால் கடைசி இரண்டு மில்லிமீட்டரை இழுத்ததும் நுனி விடுபட்டு 'டக்' என்று அடிக்கும், அந்தச் சத்தத்துக்குத்தான் விட வேண்டும், குறிக்கு அல்ல. காம்பவுண்டில் விரலால் அழுத்தும் ரிலீஸ்தான் பெரும்பாலும் நோயை வரவழைக்கிறது. முதுகு இழுப்பில் தானாக விடும் ரிலீஸுக்கு மாறுங்கள்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: மூன்று மீட்டரில், டார்கெட் காகிதமே இல்லாமல், ஒரு மாதம். சலிப்பாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் காகிதத்தை மாட்டிக் குறியை மட்டும் வையுங்கள், விடாமல் இறக்குங்கள், நாளைக்கு முப்பது முறை. எனக்கு அதில்தான் சரியானது.

17. "ரிகர்வ், காம்பவுண்டு ரெண்டையும் ஒரே சமயத்துல பண்ணலாமா?"

போட்டிக்குப் போகிறவர் செய்யாதீர்கள். ஆங்கர், அதாவது கை வந்து நிற்கும் இடம், ரிகர்வில் தாடைக்கு அடியில், காம்பவுண்டில் தாடை ஓரமாகக் காதுக்குக் கீழே. வாரத்துக்கு வாரம் மாற்றினால் இரண்டும் குழம்பும். மாற நினைத்தால் முழுசாக மாறுங்கள், ஆறு மாதம் பழையதைத் தொடாதீர்கள்.

போட்டி இல்லை, மனசுக்காகத்தான் என்றால் தாராளமாகச் செய்யலாம். நான் இப்போதும் மாதத்துக்கு ஒரு காலை என் பழைய 30 பவுண்டு ரிகர்வை எடுத்து, சைட் இல்லாமல் 18 மீட்டரில் இரண்டு டஜன் எய்கிறேன். அடுத்த நாள் காம்பவுண்டில் முதல் ஆறு அம்பு கொஞ்சம் சிதறும், ஏழாவதிலிருந்து சரியாகிவிடும்.